தகர டிக்கெட்டும் தாது வருசமும்

எங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், ஆதாரமாக இருக்கும் காகிதங்கள் மொத்தமும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிவிடும். தாத்தாவின் பாஸ்போர்ட், இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை, தோட்டத்து ஆபீசில் எழுதி வாங்கிய ஒரு சான்று, மாத்தளையிலிருந்து வந்த சில கடிதங்கள், பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படங்களின் பிரதிகள். நிலப் பத்திரம் கிடையாது. ஜாதகம் கிடையாது. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஒரு காம்பராவில் பிறந்து லயத்திலேயே வளர்ந்தவர்களுக்கு நிலம் ஏது, பத்திரம் ஏது.

நாங்கள் தாயகம் திரும்பியோர். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் 'சிலோன்காரங்க' என்றால்தான் எல்லாருக்கும் விளங்கும். 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத்துத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டார் அந்த 5,25,000-க்குள் வந்தார்கள். 1973-ல் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து கோத்தகிரி அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இவ்வளவுக்கும் காகிதம் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய நூறு வருடம். எந்த ஊரிலிருந்து போனோம், யார் போனார், எப்போது போனார்?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன தமிழர்களின் வாரிசுகளுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஒரு வழி இருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேரின் பெயர்களும் கப்பல் பட்டியல்களில் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், ஜில்லா, உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதியிருப்பார்கள். இலங்கைக்குப் போனவர்களுக்கு அப்படி எழுதி வைத்த பட்டியல் இல்லை. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்துக் கூட்டிப் போனான். ஒப்பந்தப் பத்திரம் கிடையாது, கடனுக்குக் கணக்கு மட்டும் உண்டு. அந்தக் கணக்கும் கங்காணியின் கையில்.

ஆகவே எங்களுக்கு இருக்கும் பெரிய ஆவணம் அப்பாயியின் குரல்தான். அப்பாயி 2019-ல் தவறிப்போனார். அதற்கு முந்தைய சில வருடங்களில் அப்பாவும் நானும் அவ்வப்போது போனில் பதிவு செய்து வைத்தவை நிறைய இருந்தன. வெற்றிலை இடிக்கிற சத்தம், பக்கத்து வீட்டு டிவி, நடுநடுவே யாரோ வந்து "டீ குடிச்சாச்சா" என்று கேட்பது, எல்லாவற்றுக்கும் இடையே அவர் பேச்சு. அதை முழுக்கக் கேட்டு எழுதி எடுக்க எனக்குப் பொழுது வாய்க்கவே இல்லை. ஏஐ கருவிகளின் பக்கம் நான் போனது இதற்காகத்தான்.

பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் இன்று நிறைய. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பழகியது. அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்தே ஏறத்தாழ 1,17,000 மணி நேரம்தான். அதற்குள் தமிழ் எவ்வளவு, அந்தத் தமிழுக்குள் தோட்டத்துக் கிழவி பேசும் தமிழ் எவ்வளவு என்று நினைத்துப் பார்த்தால், கிடைக்கிற எழுத்தில் பாதி தேறினாலே பெரிய விஷயம். ஐஐடி மெட்ராஸில் இயங்கும் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே பழக்கிய ஏஐ மாடல்களை இலவசமாகக் கொடுக்கிறது. இப்படிச் சில கருவிகளில் ஒரே பதிவைப் போட்டு, வரும் எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அவை ஒத்துப்போகும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. வேறுபடும் இடத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய நேரம் இதனால் பாதிக்கும் கீழே குறைந்தது, அதுவே பெரிய உதவி.

ஆனால் ஒன்று என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. தலைமன்னார்த் துறையைப் பற்றிச் சொல்லும்போது அப்பாயி, "கொழுந்தனாரு கப்ப ஏறல" என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறார். பிறகு ரொம்ப நேரம் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. அந்த மௌனத்துக்கு நேரே ஒரு செயலி, "பார்த்ததற்கு நன்றி" என்று எழுதி வைத்திருந்தது. யாரும் அப்படிப் பேசவில்லை. இந்த வகைக் கருவிகளுக்கு இது தெரிந்த நோய்தான். ஒலி இல்லாத இடத்திலும் அவை ஏதாவது எழுதியாக வேண்டும். இணையத்து வீடியோக்களின் கடைசியில் அதிகம் வரும் வாக்கியம் எதுவோ அது வந்து விழுந்துவிடுகிறது. அழித்துவிட்டால் போயிற்று என்று சொல்லலாம். ஆனால் இங்கே விழுந்தது யார் கண்ணுக்கும் பட்டென்று தெரிகிற பொருந்தாத வாக்கியம். பொருத்தமான வாக்கியம் ஒன்று விழுந்திருந்தால்? "கொழுந்தனாரு கப்ப ஏறல, நாங்க எல்லாம் அழுதோம்" என்று வந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேனா? அன்றிலிருந்து அவர் பேசாமல் இருந்த இடங்களையும் எழுத்தில் குறிக்கிறேன். 'பேச்சு இல்லை, ஒரு நிமிடத்துக்கு மேல்' என்று அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்.

ஊர் தேடியதைச் சொல்கிறேன். குடும்ப அட்டையில் பூர்வீக ஊர் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் கண்ணனூர் என்று இருக்கிறது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஏஐ உரையாடல் கருவி ஒன்றிடம் கேட்டதும், தயங்காமல் கேரளத்துக் கண்ணூர் என்றது. கண்ணூரைப் பழைய தமிழ்ப் புத்தகங்கள் கண்ணனூர் என்று எழுதியது உண்மைதான், ஆகவே அது ஆதாரமில்லாமல் சொன்னது என்று சொல்லமாட்டேன். திருச்சியைச் சுற்றியே இரண்டு கண்ணனூர் உண்டு. சமயபுரத்துக்குப் பழைய பெயர் கண்ணனூர், ஹொய்சாளர்கள் இருந்து ஆண்ட இடம். இன்னொன்று துறையூர்ப் பக்கத்துக் கண்ணனூர். இதில் எது என்று காகிதம் சொல்லாது.

அப்பாயியின் பதிவுகளைத் தந்து, அவர் வாயில் வரும் ஊர், மலை, ஆறு, சாமி, திருவிழா எல்லாவற்றையும் எந்தப் பதிவில் எத்தனையாவது நிமிடம் என்ற குறிப்போடு எடுத்துக் கொடு என்று கேட்டேன். இந்த மாதிரி வேலையில் ஏஐக்கு இணை இல்லை என்றே சொல்வேன். மனிதன் சலித்துப்போகும் இடத்தில் அது சலிப்பதில்லை. எங்கெங்கோ சிதறிக் கிடந்தவை ஒரு தாளில் வந்துவிட்டன. அந்தத் தாளில் ஒரு வரி: 'பசுமையான மலையைப் பார்த்துக் கும்பிட்ட நினைவு, தேயிலைத் தோட்டச் சூழலாக இருக்கலாம்.' அந்த நிமிடத்துக்குப் போய்க் கேட்டேன். அப்பாயி சொல்வது, "எங்க மாமியாளோட மாமியா பச்சமலயப் பாத்துதான் கும்புடுமாம்." பச்சமலை! துறையூர் வட்டாரத்தில் நின்றால் ஒரு பக்கம் பச்சமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை. அந்தப் பக்கத்து ஆளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சமயபுரம் கண்ணனூர், கேரளத்துக் கண்ணூர் இரண்டும் அந்தக் கணமே பின்னால் போய்விட்டன. முற்றாகத் தள்ளிவிட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் தேடும் திசை தெரிந்துவிட்டது. ஆயிரம் வரிக்குள் புதைந்திருந்த ஒரு வரியை மேலே கொண்டுவந்தது கருவி. அது என்ன மலை என்று தெரிந்தது அந்தப் பக்கத்துச் சொந்தம் விடாமல் இருந்ததால்.

இதற்கு இன்னொரு துணையும் உண்டு. ஊரைவிட்டுப் போகிறவர்கள் குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு போய், போன இடத்தில் வைத்துக் கும்பிடுவது நம் வழக்கம். மலையகத் தோட்டங்களில் இருக்கும் முனியாண்டி, கருப்பு, மதுரைவீரன் கோயில்களில் பல இப்படி மண்ணாகப் போய்ச் சாமியானவை. ஆகவே தோட்டத்துக் கோயிலில் யார் குடியிருக்கிறார், எந்த மாதம் திருவிழா, என்ன படையல் என்று கேட்பது பதிவேட்டைப் புரட்டுவதற்குச் சமம். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கென்று இருக்கும் வழிகாட்டிகள் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடு, குடும்பப் பெயரைத் தேடு என்று தொடங்கும். நமக்கு அவை இரண்டும் இல்லை, குலசாமி இருக்கிறது, பங்காளிகள் இருக்கிறார்கள்.

குடும்பப் பெயர் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வம்சாவளி வரையும் மென்பொருள்கள் எல்லாமே கடைசிப் பெயர் ஒன்று தலைமுறை தலைமுறையாக வரும் என்று நம்பி எழுதப்பட்டவை. நமக்கு அப்பா பெயர்தான் இனிஷியல், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், பின் புருஷன் பெயர். அப்பாயியின் பெயர் தோட்டத்துச் சான்றில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, அட்டையில் ஒரு மாதிரி. கருப்பாயி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதத்தையும் எழுதியிருக்கிறார்கள். இப்படி ஒரு பெயர் என்னென்ன எழுத்துக்கூட்டலில் வரலாம் என்று பட்டியல் போட ஏஐ நன்றாக உதவுகிறது, அதை வைத்துத்தான் தேடுகிறேன். ஆனால் மரம் வரையச் சொன்னால் திண்டாடுகிறது. எங்கள் வீட்டில் அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன் உண்டு, அத்தை மகனைக் கட்டியவர்கள் பலர். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவதைப் பிழை என்று சிவப்பில் காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் மரத்தைக் காகிதத்தில் அப்பாவே வரைந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் சித்தப்பா மகன் கெட்டிக்காரன், பாசக்காரன். அப்பாயியின் நினைவு நாளுக்காக, நான் அனுப்பிய எழுத்துகளை ஒரு கருவியிடம் கொடுத்து, எங்கள் குடும்பம் கடல் தாண்டிய கதையை எழுதச் சொல்லியிருக்கிறான். வந்த கதையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். தாது வருசத்துப் பஞ்சத்தில் ஒரு பெண் கண்ணனூரை விட்டுக் கிளம்புகிறாள். கழுத்தில் தகர டிக்கெட் தொங்குகிறது. மண்டபத்தில் கப்பலேறும்போது தாய்மண்ணைத் திரும்பிப் பார்க்கிறாள். மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறாள். நல்ல தமிழ், தடுக்காத நடை. அத்தை படித்துவிட்டு அழுதார். ஊரில் இருக்கும் உறவுகள் எல்லாரும் அடுத்த குழுவுக்கு அனுப்பினார்கள். வாரத்துக்குள் அதுவே எங்கள் வரலாறு ஆகிவிட்டது.

அதற்கு அடிப்படையாக அப்பாயி சொன்னது இவ்வளவுதான்: "தாது வருசப் பஞ்சத்துல போன சனம்னு எங்க மாமியா சொல்லும். கழுத்துல தகர டிக்கட்டு மாட்டிக்கிட்டுப் போனாங்களாம்." இரண்டு வாக்கியம். இரண்டிலும் யார் என்று இல்லை. பெண் என்று இல்லை, ஒருத்தி என்று இல்லை. 'போனாங்களாம்' என்று கேள்விப்பட்டதாகத்தான் சொல்கிறார், கதையில் அது 'போனாள்' என்று கண்ணால் கண்டதாக ஆகிவிட்டது.

தாது வருசம் அறுபது வருடத்துக்கு ஒருமுறை வருவது. 1876-ல் வந்தது, 1936-ல் வந்தது, 1996-ல் வந்தது. ஒரு கருவி 1936 என்று எனக்குக் கணக்கு சொன்னது. தாத்தா 1931-ல் இலங்கையின் பொகவந்தலாவையில் பிறந்ததாகப் பாஸ்போர்ட் இருக்கும்போது அது ஆகாது. பஞ்சம் என்று சொன்னால் 1876-ல் தொடங்கிச் சென்னை மாகாணத்தையே காலி செய்த பஞ்சம்தான். அன்று இலங்கைக்குப் போன சனம் ஏராளம் என்பதும் உண்மை. சரி, 1876 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் தகர டிக்கெட் எங்கிருந்து வந்தது? அந்த முறையே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. வட்டமான தகர வில்லை, அதில் மாவட்ட எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் ஆளின் வரிசை எண்ணும் துளையிட்டிருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால், வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் 1904-ல் அலுவலகம் திறந்து ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்திய காலத்து ஏற்பாடு அது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதே 1914-ல். 1876-ல் போனவர்களில் பலர் இராமநாதபுரக் கரையில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். அந்தப் பாதையில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. போய்ச் சேர்ந்தவர்கள் கொழுந்து பறித்திருக்கவும் வாய்ப்பு குறைவு. ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் லூல்கந்துரையில் தேயிலை நட்டுவிட்டார்தான், ஆனால் 1876-ல் மலைநாடு இன்னும் கோப்பிக் (காபிக்) காடாகத்தான் இருந்தது. கோப்பிச் செடியை நோய் தின்று தீர்த்த பிறகே தேயிலை பரவியது.

ஒரு அழகான கதைக்குள் குறைந்தது இருபத்தைந்து வருடம் காணாமல் போயிருக்கிறது. எழுதிய கருவிக்கு அந்த விவரங்கள் தெரியாது என்று நினைக்காதீர்கள். அதே எழுத்தைத் திரும்பக் கொடுத்து, கதை வேண்டாம், இந்த இரண்டு வாக்கியமும் ஒரே பயணத்தைப் பற்றியதாக இருக்க முடியுமா என்று மட்டும் பார்த்துச் சொல் என்று கேட்டேன். தகர டிக்கெட்டின் காலமும் பஞ்சத்தின் காலமும் ஒத்துவரவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டது. கதை சொல் என்றால் எல்லாவற்றையும் ஒட்டித் தைத்துக் கொடுக்கிறது. ஒட்டாத இடம் எது என்று கேட்டால் அதையும் காட்டுகிறது. நாம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் எழுதும் வேலைக்கு நான் அதைக் கூப்பிடுவதில்லை, குறுக்குக் கேள்வி கேட்கும் வேலைக்குத்தான் கூப்பிடுகிறேன்.

இரண்டும் ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் புதிதாக ஒன்று புலப்பட்டது. எங்கள் வீட்டிலிருந்து போனது ஒருமுறை இல்லை போலிருக்கிறது. பஞ்சத்தில் ஒரு தலைமுறை போயிருக்கிறது. தகர டிக்கெட் காலத்தில் இன்னொரு முறை யாரோ போயிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி வந்து மறுபடி போனார்களா, அல்லது தாத்தாவின் அப்பா வழியில் ஒருவரும் அம்மா வழியில் ஒருவருமா? இலங்கைக்குப் போனவர்கள் ஊருக்கு வந்து போய்க்கொண்டு இருந்தவர்கள்தான். திருவிழாவுக்கு வருவார்கள், பெண் எடுக்க வருவார்கள். ஒரே பயணம், ஒரே கண்ணீர், ஒரே கப்பல் என்ற கதை நேட்டாலிலிருந்தும் பிஜியிலிருந்தும் வந்து எங்கள் தலையில் விழுந்தது. எங்கள் கதை அடிக்கடி போய் வந்த சனத்தின் கதை. அதைத்தான் அந்த அழகான நடை மூடி மறைத்தது. பஞ்சத்தின் பெயரையே பிற்காலத்தில் யாராவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்பதையும் விட்டுவிட முடியாது. ஆகவே 'மாமியார் சொல்லி அப்பாயி கேட்டது' என்றே எழுதுகிறேன்.

சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டான்: "அப்ப அத்தை அழுதது பொய்யாண்ணே?" நல்ல கேள்வி. அழுதது பொய் இல்லை. ஆனால் அவர் அழுதது எங்கள் வீட்டில் இருந்திராத ஒருத்திக்காக. எங்கள் முன்னோரைத் தோட்டத்துக் கணக்கில் வெறும் எண்ணாக வைத்திருந்தார்கள், பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை. பெயர் இல்லாத அந்த இடத்தில் எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினால், உண்மையில் போனவர் இன்னொரு முறை காணாமல் போகிறார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

குறுக்குக் கேள்வி கேட்கச் சொன்னால் அது வீட்டுக்குள்ளும் கேட்கும். குடும்ப அட்டையில் உள்ள பிள்ளைகளின் பிறந்த தேதிகளைக் கொடுத்து முரண் இருந்தால் சொல் என்றேன். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஐந்து மாதம்தான் இடைவெளி, ஒரே தாய்க்கு இது சாத்தியமில்லை என்றது. அத்தனை வருடம் அந்த அட்டையைப் பார்த்திருக்கிறோம், யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பேசவில்லை. அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தைகிட்டயே கேளு" என்றார். தாத்தாவின் தம்பி மனைவி பிரசவத்தில் போய்விட்டார். பிள்ளையை அப்பாயி எடுத்து, தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்து வளர்த்தார். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டபோது தம்பியின் மனு வேறு, தாத்தாவின் மனு வேறு. தாத்தா தன் பிள்ளைகளோடு அந்தப் பிள்ளையையும் எழுதிவிட்டார். தாத்தாவுக்கு இந்தியா வந்தது. தம்பி அங்கேயே நின்றார். அப்பாயி பேச்சை நிறுத்திக்கொண்ட அந்த இடத்தில் இருந்தது இதுதான்.

அத்தைக்கு இது தெரியும், எப்போதோ தெரியும். இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுப்பா, என் பேர மட்டும் போடாத" என்றார். அதன்படிதான் எழுதுகிறேன். இந்தப் பேச்சையும் அட்டையில் உள்ள அவர் பெயரையும் எந்தக் கருவிக்குள்ளும் ஏற்றவில்லை. மற்றவர்களின் பெயர்களைக்கூட எழுத்து மாற்றித்தான் கொடுத்திருந்தேன். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியும் சாதியும் ஊரும் சேர்த்து முகம் தெரியாத ஒரு கம்பெனியின் கணினிக்கு அனுப்புவதற்கு முன்னால் அவர்களைக் கேட்க வேண்டும். குடும்ப ஆராய்ச்சியில் ஆர்வமாக இருப்பவர்கள் இதில் அவசரப்படுவதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த அப்பாயியின் படம் மங்கிப்போய், ஓரம் பூத்துப்போய் இருந்தது. அதைத் துலக்க ஒரு செயலியில் போட்டோம். கண் தெளிந்தது, சேலைக் கரை தெரிந்தது. முகம் மட்டும் யாரோ போல இருந்தது. என்ன என்று அத்தைதான் கண்டுபிடித்தார். தாடையில் அப்பாயிக்கு மூன்று புள்ளி பச்சை குத்தியிருக்கும். செயலி அதைத் தாளில் விழுந்த கறை என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிட்டது, நிறத்தையும் இரண்டு படி வெளுத்திருந்தது. அதே பாஸ்போர்ட்டில், படத்துக்குப் பக்கத்தில், அடையாளம் என்ற வரிக்கு நேரே ஆங்கிலத்தில் 'தாடையில் பச்சை குத்திய அடையாளம்' என்று எழுதியிருக்கிறது. ஒரு சர்க்கார் குமாஸ்தா அப்பாயியை அப்பாயி என்று அறிய வைத்துக்கொண்ட குறி அது. மங்கிய படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம். 2021-ல் மைஹெரிட்டேஜ் தளம் பழைய படங்களின் முகத்தை அசைய வைக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது உலகமே அதைச் செய்து பார்த்தது. செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அப்பாயி எப்படித் தலையைத் திருப்புவார் என்று தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறார்கள், அதனால் எங்களுக்கு அது வேண்டியதாக இல்லை.

2024-ல் ஃபேமிலிசர்ச் தளம் கையால் எழுதிய பழைய பதிவேடுகளை ஏஐயைக் கொண்டு படித்து, எந்தச் சொல்லையும் தேடலாம் என்று திறந்துவிட்டது. முதலில் வந்தவை அமெரிக்காவின் நில, உயில் பதிவுகளும் மெக்சிகோவின் நோட்டரிப் பதிவுகளும். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரே இரவில் கதவு திறந்த மாதிரிதான். செக்ரோல் எனும் தோட்டத்து வருகைப் பதிவேடுகளுக்கும் பிறப்புப் பதிவேடுகளுக்கும் இப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை வருடக்கணக்காக மின்வடிவாக்கி இலவசமாக வைத்திருக்கிறது. மலையகத்து மலர்கள், துண்டறிக்கைகள், சங்கப் பத்திரிகைகள் என்று அதில் தேடினால் ஒரு தோட்டத்தின் பெயராவது கண்ணில் படும். முதலில் அங்கே போங்கள் என்றுதான் என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அப்புறம் வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால், கருவி எதுவும் வாங்குவதற்கு முன் அவர்களிடம் போய் உட்காருங்கள். எப்போது போனீர்கள் என்று கேட்டால் பதில் வராது. தோட்டத்தில் எந்தச் சாமிக்கு என்ன படைப்பீர்கள், யார் வீட்டில் பெண் எடுத்தீர்கள், ஊரிலிருந்து யார் கடிதம் போட்டார்கள் என்று கேளுங்கள், வரும்.

இப்போது கையில் இருப்பது மாத்தளைக் கடிதங்கள். தாத்தாவின் தம்பி எழுதியவை. பழைய எழுத்துமுறை, லை-யும் னை-யும் கொம்பு சுற்றி வரும், வரி விட்டு வரி ஓடும் கையெழுத்து. அச்செழுத்தைப் படிக்கும் கருவிகளுக்கு இது எட்டவில்லை, படம் பார்த்துப் படிக்கும் புதிய கருவிகள் ஓரளவு படிக்கின்றன. படிக்க முடியாத இடத்தில் ஊகிக்காமல் புள்ளி வை என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் கொடுக்கிறேன். ஒரு கடிதத்தில், தோட்டத்துக் கோயிலுக்கு மணி வாங்க இங்கிருந்து பணம் கேட்டிருக்கிறார், உபயம் என்று தங்கள் அப்பாவின் பெயரைப் போடுவதாகச் சொல்கிறார். அவருடைய பேரன் ஒருவன் இப்போது வாட்ஸ்அப்பில் பேசுகிறான். பொகவந்தலாவைக்குப் போய்க் கோயில் சுவரில் பதித்த உபயப் பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். சுண்ணாம்பு அடித்து அடித்துப் பாதி எழுத்து மூடிவிட்டது. தாத்தாவின் அப்பா பெயர் மாதிரி ஒன்று தெரிகிறது, இனிஷியல்தான் வேறாக இருக்கிறது. வேறு ஆளா, அல்லது அந்த இனிஷியல்தான் நாங்கள் தேடும் கண்ணனூர்க்காரரின் பெயரா என்று அவனும் நானும் இந்த வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்க்க மாசித் திருவிழாவுக்குள் கோயில் தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.